பெரட்டுக் கோடு முதல் கப்பல் தளம் வரை

மலேசியத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் விளக்கம் தேவைப்படாது. விடியுமுன் தொழிலாளர்கள் வரிசையாக நிற்க, மேற்பார்வையாளரான தண்டல் தலை எண்ண, கணக்கெழுதும் கிராணி செக்ரோல் எனும் வருகைப் புத்தகத்தைத் திறந்து வந்தவர் பெயருக்கு எதிரே கோடு போடுவார். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையின் தென்மாவட்டத்தில் இருக்கிறது சிம்பாங் அம்பாட். அதைச் சுற்றியிருந்த பத்து காவான், வால்டோர் போன்ற தோட்டங்களில் பல தலைமுறைத் தமிழர்கள் அந்த ஒரு கோட்டுக்காகவே இருட்டில் எழுந்தார்கள். கோடு விழுந்தால் அன்றைய கூலி உண்டு. விழாவிட்டால் இல்லை. தொழிலாளியின் கண்ணுக்கு அதோடு கோட்டின் வேலை முடிந்தது. ஆனால் 1908 முதல் அது தோட்டத்தோடு நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மற்றக் கோடுகளோடு சேர்ந்து ஒரு தொகையாகி, அரசாங்க அலுவலகம் வழியாக ஒரு பொது நிதிக்குள் போனது. அங்கிருந்து நாகப்பட்டினம் முகாமின் சோற்றுக்கும், ஆள் சேர்க்கும் கங்காணியின் கமிஷனுக்கும், வங்கக் கடலைக் கடக்கும் கப்பலில் இன்னொருவரின் பயணச் சீட்டுக்கும் பணமாக மாறியது.

ஆள்சேர்ப்பு, கொள்முதல், உற்பத்தி, கணக்கு, அனுப்புகை என்று தனித்தனியே ஓடும் வேலைகளை ஒரே திட்டத்தில் கோத்து, ஓரிடத்தில் பதியும் தகவல் மற்ற இடங்களுக்கெல்லாம் போய்ச் சேரும்படி வடிவமைப்பதை இன்றைய நிர்வாக உலகம் நிறுவனப் பொறியியல் என்கிறது. அதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கணினிக் காலத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1972இல் ஐபிஎம்மிலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1987இல் ஜான் சாக்மன் ஒரு நிறுவனத்தின் தகவல் அமைப்பைக் கட்டட வரைபடம் போல் தீட்டிக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார். பினாங்கிலும் இந்தக் கதைக்குச் சாட்சிகள் உண்டு. எஸ்ஏபி பிறந்த அதே 1972இல்தான் பாயான் லெப்பாஸில் இன்டெல் காலூன்றியது. 2014இல் பினாங்கின் இரண்டாவது பாலம் திறந்தபின், சிம்பாங் அம்பாட்டை ஒட்டிய பத்து காவான் தொழிற்பேட்டையில் ஆலைகள் பெருகின. அவற்றில் ஒரு சில்லு எந்த மேசையில் இருக்கிறது என்பது எங்கோ ஒரு திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். ஆனால் எஸ்ஏபி பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, இதே மண்ணில், இதே அளவு நுட்பத்தோடு ஓர் இணைப்பு நடந்திருக்கிறது. அதன் கச்சாப் பொருள் தமிழ் மனிதர்கள் என்பதால் அது தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெறாமல் கூலி வரலாற்றில் தங்கிவிட்டது.

1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி கெடா சுல்தானிடமிருந்து பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை நிலத்தைப் பெற்று, கவர்னர் ஜெனரலின் பெயரால் வெல்லெஸ்லி மாகாணம் என்று அழைத்தது. அதன் தென்பகுதிச் சதுப்பில் முதலில் கரும்பு நட்டவர்கள் தியோச்சூ சீனர்கள். பத்து காவானிலும் புக்கிட் தம்பூனிலும் எருமைகள் சுற்றி இழுக்கக் கல் உருளைகளில் கரும்பு பிழிந்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் சர்க்கரைக்குப் பிரிட்டிஷ் சந்தையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு இணையான வரிச்சலுகை 1840களில் கிடைத்ததும் ஐரோப்பியர்கள் நீராவி ஆலைகளோடு வந்தார்கள். எட்வர்ட் ஹார்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே தோட்டங்களைச் சேர்த்தார். அவை அவருடைய மனைவி வழி உறவினரான ராம்ஸ்டன் குடும்பத்தின் கைக்கு வந்து, பினாங்கு சுகர் எஸ்டேட்ஸ் என்ற கம்பெனியாயின. நிபோங் திபாலுக்கு அருகில் கலிடோனியா தோட்டத்தில் இருந்த தலைமை மேலாளர் மற்றத் தோட்டங்களையும் ஆலைகளையும் கவனித்தார். இங்கே நடந்ததெல்லாம் கடிதமாகி லண்டன் போனது. உத்தரவுகள் கடிதமாகத் திரும்பி வந்தன.

கரும்பு அவசரமான பயிர். வெட்டியதைச் சீக்கிரம் பிழியாவிட்டால் சாற்றில் சர்க்கரை குறையும். அதனால் வயலில் வெட்டு, வாய்க்காலில் படகு, ஆலையில் கொதிகலன், அடுப்புக்கு விறகு எல்லாம் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். ஓரிடத்தில் ஆள் குறைந்தால் ஆலை முழுவதும் நிற்கும். வெல்லெஸ்லி மாகாணத்துச் சர்க்கரைத் துரைமார் ஒப்பந்தக் கூலி முறையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்த அவசரம் ஒரு முக்கியக் காரணம். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர் வேலையை விட்டுப் போனால் அது குற்றம், அதற்குச் சிறை உண்டு. கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர் கூலியிலேயே கழிந்தன. ஆலையின் தாளம் தவறாதிருக்க மனிதனைக் கட்டிப்போடுவதே அன்றைக்குக் கண்ட வழி.

அந்தக் கட்டு எப்படியிருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1873இல் சிம்பாங் அம்பாட்டுக்கு வடக்கே, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ஆல்மா தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் விசாரணைக்கு வந்தது. புண்ணும் பசியுமாகச் சிலர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பிறகே வெளியில் தெரிந்த விவகாரம் அது. நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றியவர், பினாங்கில் இறக்கியவர், தோட்டத்தில் வேலை வாங்கியவர், நோயாளியைப் பார்த்த மருத்துவர் ஆகிய நால்வர் கையிலும் நான்கு கணக்குகள் இருந்தன. ஒன்று மற்றொன்றைப் பார்க்கவில்லை.

அரசாங்கத்தின் தாள்களும் அப்படித்தான் இருந்தன. நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் நிர்வாகத்தில் இருந்தன. அன்று அவை லண்டன் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் போயின. தஞ்சாவூர்க்காரர் பினாங்குக்குப் போவது அதுவரை ஒரே அரசின் இரண்டு ஊர்களுக்கு இடையிலான பயணம். ஒரே நாளில் அது வெளிக்குடியேற்றமாக மாறிவிட்டது. இந்தியக் குடியேற்றச் சட்டம் அனுமதித்த நாடுகளின் பட்டியலிலோ நீரிணைக் குடியேற்றங்கள் இல்லை. இதை யாரும் உடனே கவனிக்கவில்லை, கப்பல்கள் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தன. 1870இல் விஷயம் தெரிந்து ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1872இல் இந்திய அரசு புதுச் சட்டம் கொண்டுவந்த பிறகே மறுபடி தொடங்கியது. நிர்வாகம் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது, அதோடு பிணைந்திருந்த சட்டம் பழைய இடத்திலேயே நின்றது. அந்த இடைவெளிக்குள் மாகாணத்துக் கரும்பு வயல்கள் ஆளில்லாமல் தவித்தன. அமைப்புகளை இணைப்பவர்கள் இன்றும் அஞ்சும் விபத்து இதுதான்.

பிறகு ரப்பர் வந்தது. 1905க்குப் பின் விலை ஏற ஏற, தீபகற்பம் முழுவதும் காடுகள் விழுந்து கன்றுகள் எழுந்தன. மாகாணத்தின் சர்க்கரை ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சர்க்கரைக் கம்பெனிகளே பெயரை மாற்றிக்கொண்டு ரப்பர் கம்பெனிகளாயின. பால்மரத்துக்குக் கரும்பின் அவசரம் கிடையாது, ஆனால் ஆள் ஏராளமாக வேண்டும். ரப்பர் துரைமார் நம்பியது கங்காணியை. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரையே அவருடைய கிராமத்துக்கு அனுப்பி, சொந்தபந்தத்தையும் சாதிசனத்தையும் அழைத்துவரச் செய்தார்கள். அதில்தான் பழைய சிக்கல் புது உருவத்தில் தலைதூக்கியது.

ஒரு துரை கங்காணியை அனுப்பி, கப்பல் கட்டணம் கட்டி, இருபது பேரைக் கொண்டுவருவார். அவர்கள் தோட்டத்தில் காலூன்றும் முன்பே பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு காசு கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்வார். ஆள் கொண்டுவந்தவருக்கு நட்டம், கொண்டுவராதவருக்கு லாபம். இப்படியே போனால் யாரும் ஆள் கொண்டுவர மாட்டார்கள் என்ற நிலை. ஒப்பந்த முறை இதற்குக் கண்ட தீர்வு சிறை. அந்தத் தீர்வு இந்தியாவிலும் பிரிட்டனிலும் நாளுக்கு நாள் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தது.

1907இல் வேறொரு விடை வந்தது. அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் அடங்கிய குடியேற்றக் குழு ஒன்று அமைந்தது. தமிழ்க் குடியேற்ற நிதி என்ற பெயரில் நீரிணைக் குடியேற்றங்களிலும் கூட்டு மலாய் மாநிலங்களிலும் சட்டம் நிறைவேறியது. ஆளைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்வியையே அந்தச் சட்டம் ஒதுக்கி வைத்தது. யாரிடம் தமிழ்த் தொழிலாளி ஒரு நாள் வேலை செய்கிறாரோ அவர் அந்த நாளுக்கான பங்கை நிதியில் கட்ட வேண்டும். தனியார் தோட்டமானாலும் அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையானாலும் ரயில்வேயானாலும் விதி ஒன்றே. கங்காணியை அனுப்பாத துரையும் கட்டியாக வேண்டும். நிதியிலிருந்து கங்காணியை அனுப்புபவருக்கு உதவித்தொகை கிடைக்கும், வருகிறவருக்குக் கப்பல் கட்டணம் இலவசம். பக்கத்துத் தோட்டத்து ஆளை இழுத்தாலும் அவர் வேலை செய்யும் ஒவ்வொரு நாளுக்கும் வரி தொடர்ந்து வரும் என்பதால், இழுப்பதில் இருந்த இலாபம் குறைந்துபோனது.

இந்த வடிவமைப்பின் அழகு, செலவை மனிதன் தலையில் எழுதாமல் வேலை நாளின்மேல் எழுதியதில் இருக்கிறது. அதற்குப் புதுக் கணக்கு எதையும் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. கூலி கொடுக்க ஏற்கெனவே ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் இருந்தது. அதே கோடுகளைக் கூட்டினால் காலாண்டு அறிக்கை. அறிக்கையிலிருந்து வரி. வரித் தொகையைப் பார்த்தால் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம். ஒரு தகவலை ஒருமுறை மட்டும் பதிந்து பல காரியங்களுக்குப் பயன்படுத்துவது இன்றைய மென்பொருள் நிறுவனங்கள் பெருமையோடு விற்கும் கொள்கை. அதைக் கோழி கூவும்போது எழும் கிராணியும் அவருடைய மசிக்கூடும் சாதித்தன.

கடலுக்கு அப்பாலும் சங்கிலி நீண்டது. ஆள் தேவைப்படும் துரை கங்காணிக்கு உரிமச் சீட்டு கேட்டு விண்ணப்பிப்பார். சீட்டில் கங்காணியின் பெயர், தோட்டம், அழைத்துவரக்கூடிய ஆட்களின் உச்ச எண்ணிக்கை எல்லாம் இருக்கும். கங்காணி அந்தத் தோட்டத்தில் உண்மையிலேயே வேலை செய்தவராக இருக்க வேண்டும். சீட்டோடு கப்பலேறி இறங்கியவர், தமிழகத்தில் இருந்த மலாயா குடியேற்ற அதிகாரியிடம் அதைப் பதிவு செய்வார். கிராமத்தில் ஆள் சேர்ந்ததும் ஊர் முன்சீப்பிடம் ஆட்சேபம் இல்லை என்று ஒப்பம் வாங்குவார். அடுத்தது முகாம். ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றொன்று சென்னைக்கு அருகே ஆவடியில். அங்கே மருத்துவர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், தானாக விரும்பித்தான் போகிறாயா என்று அதிகாரி கேட்பார். கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. பினாங்கு வந்ததும் நேரே ஊருக்குள் போக முடியாது, ஜெரெஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு முகாம் காத்திருக்கும். காவல் முடிந்தபின் படகில் பட்டர்வொர்த் பக்கம் இறங்கி, ரயிலிலோ மாட்டு வண்டியிலோ சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பக்கத் தோட்டங்களுக்குப் பயணம். அடுத்த விடியலில் பெரட்டு. செக்ரோலில் புதுப் பெயர், அதற்கு எதிரே முதல் கோடு. சங்கிலியின் கடைசிக் கண்ணி முதல் கண்ணியோடு வந்து பூட்டிக்கொண்டது.

பலன் உடனே தெரிந்தது. 1911இல் ஓராண்டில் மலாயாவுக்கு வந்த இந்தியரின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்டு, மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் சில ஆண்டுகளில் காலாவதியாயின. அறநெறி வாதங்கள் மட்டுமே அந்த முறையை வீழ்த்தின என்று நம்ப ஆசையாக இருக்கும். ஆனால் சிறையில்லாமலே ஆலை ஓடும் என்று காட்டிய ஒரு கணக்கு ஏற்பாடு கையில் இருந்ததும் அதற்குச் சமமான காரணம்.

இலங்கையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். அங்கும் தோட்டக்காரர்கள் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையம் ஒன்றை நிறுவினார்கள், பின்னாளில் மண்டபம் முகாம் வந்தது. ஆனால் ஆள் கொண்டுவரும் செலவு கங்காணியின் கடனாகவும், கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாகவும் எழுதப்பட்டது. துண்டுச் சீட்டில் குறித்த அந்தக் கடனைத் தீர்க்காமல் ஒருவர் வேறு தோட்டம் போக முடியாது. கடனோடு சேர்த்து ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே பினாங்கில் இறங்கியவர், கப்பல் கட்டணத்தைப் பொறுத்தவரை, கடனில்லாமல் இறங்கினார். இது சாதாரண வேறுபாடு இல்லை. ஆள் கொண்டுவரும் செலவு யாருடையது என்ற கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. 2018இல் மலேசியாவும் நேபாளமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நேபாளத் தொழிலாளியின் விமானக் கட்டணமும் விசாச் செலவும் மருத்துவப் பரிசோதனைச் செலவும் முதலாளியுடையவை என்று எழுதியது. செபராங் பிறை ஆலைகளுக்கு ஆள் தேடுபவர்கள் நூறாண்டுகளுக்குப் பிறகு அதே விதிக்குத் திரும்பவேண்டி வந்தது.

நிதியைப் புகழ இவ்வளவு இருக்கிறது. ஆனால் எது இணைந்தது, எது இணையவில்லை என்று பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

உயிர் அந்தக் கணக்கில் இல்லை. காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் மலேரியா தோட்டங்களைச் சூறையாடியது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுவைக் குறைத்துக் காட்டியது 1901 முதலே தெரிந்த விஷயம். இருந்தும் பல தோட்டங்கள் ஆண்டுக்கணக்கில் அசைந்துகொடுக்கவில்லை. ஏன் என்று செக்ரோலைப் பார்த்தால் புரிகிறது. வரி உழைத்த நாளுக்குத்தான். ஒருவர் இறந்தால் அவர் வரிசையில் கோடு நிற்கும், வரியும் நிற்கும். அடுத்த கங்காணிச் சீட்டில் இன்னொருவர் இலவசக் கப்பலில் வருவார். மருத்துவமனை பற்றியும் குடியிருப்பு லயங்களின் சுகாதாரம் பற்றியும் வேறு சட்டங்கள் இருந்தன. ஆனால் அவை இந்தச் சங்கிலியோடு பிணைக்கப்படவில்லை. அதிகம் பேர் சாகும் தோட்டம் நிதியில் அதிகம் கட்ட வேண்டும் என்று ஒரே ஒரு விதி இருந்திருந்தால், வடிகால்கள் பத்தாண்டு முன்பே வெட்டப்பட்டிருக்கும்.

கூலியும் வெளியேதான் நின்றது. 1920களின் இறுதியில்தான் வெல்லெஸ்லி மாகாணம் உள்ளிட்ட பகுதிகளுக்கு நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலைக் கூலி வகுக்கப்பட்டது. அதே மரங்களை அதே இருட்டில் வெட்டிய பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கும் பின்னணியில் இந்திய அரசின் அழுத்தம் இருந்தது. 1922இல் இந்தியா புதுக் குடியேற்றச் சட்டம் இயற்றி, 1925 முதல் கோலாலம்பூரில் தன் முகவரை அமர்த்திய பிறகே தொழிலாளியின் பக்கத்திலிருந்து பேச ஒரு நாற்காலி கிடைத்தது. தொடக்கக் குழுவில் தோட்டக்காரரும் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய உழைப்பு நாளை எண்ணி நிதி வளர்ந்ததோ அவர் உட்காரவில்லை.

பிள்ளைகளின் படிப்பு ஓரளவு உள்ளே வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. வால்டோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி, பத்து காவான் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இப்பகுதியில் இன்றும் வழங்கும் பெயர்கள் அந்தக் காலத் தோட்டங்களை நினைவில் வைத்திருக்கின்றன. தோட்டங்களே கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபின், பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் தொடர்கிறது.

இந்த அமைப்பின் உண்மையான வலிமை 1930இல் தெரிந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை தரைதட்டியது. கூலி ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது, அதன்பின் இன்னும் குறைந்தது. தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. புதிய கங்காணிச் சீட்டுகள் நின்றன. பிறகு அதே நிதி, அதே அலுவலகங்கள், அதே கப்பல் கம்பெனி எதிர்த்திசையில் ஓடத் தொடங்கின. 1930 முதல் 1932 வரை மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 1,90,000 தொழிலாளர்கள் நிதியின் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கேட்டுக்கொண்டு திரும்பியவர்களும் அதில் உண்டு, வேறு வழியில்லாமல் போனவர்களும் உண்டு. இருபது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், இங்கேயே பிள்ளை பெற்றவர், ஊரில் வீடு வாசல் எதுவும் மிச்சமில்லாதவர் நாகப்பட்டினத்தில் இறங்கி நின்றார்.

மலாயா முதலாளிகளின் கண்ணில் இது நிர்வாகத் திறமை. வேலையில்லாதவர்களைத் தெருவில் விடாமல் சொந்த ஊர் சேர்த்தோம் என்று சொல்ல முடிந்தது. அதில் உண்மையும் இருக்கிறது. ஊர் திரும்பப் பணமில்லாமல் அந்நிய மண்ணில் பட்டினி கிடப்பதைவிட அது மேல். ஆனால் கொண்டுவருவதற்கும் கொண்டுபோவதற்கும் ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரத்துக்கு, நடுவில் ஒரு வாழ்க்கை வேர்விட்டிருக்கிறது என்பது தெரியவில்லை. தெரிந்துகொள்ள அதில் ஒரு பத்தியும் கிடையாது. செக்ரோலில் பெயர் இருந்தது, வேலை நாள் இருந்தது. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார், இனி எங்கே இருக்க விரும்புகிறார் என்று எழுத இடமில்லை.

விலை தேறியதும் மறுபடி ஆள் தேவை வந்தது. இம்முறை இந்தியா எளிதில் இசையவில்லை. 1936 இறுதியில் இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்டு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார். கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை அவர் ஏற்கவில்லை. 1936இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம் கூலிப் பிரச்சினையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1938இல் மலாயா மறுபடி கூலியைக் குறைக்க முனைந்தபோது, இந்திய அரசு உதவியோடு போகும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தை அவ்வாண்டு ஜூன் 15 முதல் தடை செய்தது. 1865 முதல் அதுவரை கங்காணி வழியில் மலாயா வந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு.

கப்பலில் ஏற்ற ஆளில்லாமல் போன பிறகும் நிதி இருந்தது. அதன் பெயர் ஏற்கெனவே இந்தியக் குடியேற்ற நிதி என்று மாறியிருந்தது. சுதந்திரம் பெற்ற மறுஆண்டு, 1958இல், அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாகச் சட்டப்படி மாற்றப்பட்டது. ஆள் கொண்டுவருவதற்காகத் திரண்ட பணம், அப்படி வந்தவர்களின் நலனுக்கும், முதியவர்களின் பராமரிப்புக்கும், பிள்ளைகளின் கல்விக்கும் உரியதாயிற்று. அரை நூற்றாண்டு தாமதமானாலும், சங்கிலியின் பணம் அதை இழுத்தவர்கள் பக்கம் திரும்பியது. செக்ரோலின் ஒவ்வொரு கோட்டுக்கும் முதலாளி கட்டிய தொகை அது. ஆனாலும் கோட்டை ஈட்டியவர் விடியுமுன் எழுந்த தொழிலாளி. அந்தப் பணத்தின்மேல் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் மலேசியத் தமிழர்களிடையே வலுவாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

1999இல் மலேசிய நாடாளுமன்றம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதிக் கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நிதி வாரியம் மூடப்பட்டது, அதன் சொத்தும் பொறுப்பும் அரசாங்கத்திடம் போயின. அந்தப் பணம் இன்னும் இந்தியத் தொழிலாளர் குடும்பங்களுக்கே செலவாக வேண்டும் என்ற குரல் அப்போதும் எழுந்தது, பின்னரும் எழுந்தது. அதற்குள் செபராங் பிறை தெற்கின் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் ஆலைகளுக்கும் இடம்விடத் தொடங்கியிருந்தன. செக்ரோல் எழுதிய கிராணிகளின் பேரர்களும், கோடு வாங்கியவர்களின் பேரர்களும் பத்து காவான் ஆலைகளின் வாசலில் அட்டை தேய்த்து வேலைக்குள் போகிறார்கள்.